நற்பெயர்

நல் + பெயர். பேச்சில் 'நல்ல பேரு'. கணக்கேட்டில் அதற்கே ஒரு விலை. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நற்பெயர்', இலங்கையில் 'நன்மதிப்பு', கடைத்தெருவில் 'குட்வில்'. பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வரும் வாய்ப்பு, அவ்வளவுதான் என்று 1810இல் இங்கிலாந்து வழக்கொன்றில் நீதிபதி எல்டன் பிரபு விளக்கினார்.

சிறு மென்பொருள் நிறுவனத்தை வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் மேசை, கணினியின் பங்கு சொற்பம். ஆண்டு லாபத்துக்கு இத்தனை மடங்கு என்று விலை பேசுவார்கள். மாதாமாதம் எத்தனை பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள் என்று பார்க்காமல் அந்த மடங்குக்குத் தலையாட்டுவது அசட்டுத்தனம். கோளாறு என்றால் வாடிக்கையாளர் நேரே நிறுவனரின் கைபேசிக்கே அழைக்கிறாரா? அப்படியானால் நற்பெயர் நிறுவனருடையது, நிறுவனத்துடையது அல்ல.

தானே வளர்த்த நற்பெயர் இருப்புநிலைக் குறிப்பில் ஏறாது. விலை கொடுத்து வாங்கியதுதான் ஏறும்.