கிறிஸ்துமஸ் தீவு: சிங்கப்பூரிலிருந்து கைமாறிய மக்கள்

சிங்கப்பூரின் ஆட்சிக்குள் ஒரு காலத்தில் அடங்கியிருந்த ஒரு தீவு இன்று ஆஸ்திரேலியாவின் கொடியின்கீழ் இருக்கிறது. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுதான் அது. சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்தோ அதைப்போல இரண்டு மடங்கு, 2,600 கிலோமீட்டர். தீவின் பரப்பு 135 சதுர கிலோமீட்டர் என்றாலும் மக்கள் குடியிருப்பது வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு சிற்றூரில்தான். ஆண்டுதோறும் காட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் கோடிக்கணக்கான செந்நண்டுகளால்தான் வெளியுலகம் இந்தத் தீவை அறியும். நண்டுகளின் பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அங்கே வந்து சேர்ந்த மனிதர்களின் பயணத்தைப் பற்றி எழுதப்படவில்லை.

1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவ்வழியே சென்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் இதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே யாரும் குடியேறவில்லை. மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தீவில் எவருமே இருந்ததில்லை. இன்றுள்ள எல்லா இனத்தாரும் கப்பலில் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஆகவே அங்கே யார் சொந்தக்காரர், யார் அந்நியர் என்ற கேள்விக்கு வரலாற்றில் விடை தேடினால் கிடைக்காது. விடையை எழுதியவர்கள் வேறெங்கோ இருந்த அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பாஸ்பேட். தீவிலிருந்து வந்த பாறைத் துண்டுகளைச் சோதித்த ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மர்ரே, அவை உயர்ந்த தரமான பாஸ்பேட் என்று கண்டறிந்தார். விவசாயத்துக்கு உரம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1888 ஜூன் மாதம் பிரிட்டன் தீவைத் தன்னுடையதாக அறிவித்தது. அதே ஆண்டில் கோக்கோஸ் தீவுகளை ஆண்டுவந்த குளூனிஸ் ராஸ் குடும்பத்தார் தங்கள் மலாய்த் தொழிலாளர்களோடு வந்து முதல் குடியிருப்பை அமைத்தனர். 1897இல் சுரங்க நிறுவனம் தோன்றியது. 1900இல் தீவு சிங்கப்பூரோடு இணைக்கப்பட்டது.

சுரங்கம் தொடங்கிய நாள்களில் அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 200 சீனக் கூலிகள், 8 ஐரோப்பிய மேலாளர்கள், 5 சீக்கியக் காவலர்கள், சில மலாய்க்காரர்கள். இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே அந்த ஊரின் அமைப்பு விளங்கிவிடும். மண்ணை வெட்டியவர் சீனர், படகு ஓட்டியவர் மலாய்க்காரர், காவல் காத்தவர் சீக்கியர், கணக்குப் புத்தகம் வெள்ளைக்காரரிடம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரை பங்களா, கிராணி வீடு, லயம் என்று தோட்டம் பிரிந்து கிடந்ததைப் போலவே அங்கும் குடியிருப்புகள் பிரிந்தன. ஐரோப்பியருக்கு செட்டில்மென்ட், மலாய்க்காரருக்குக் கடலோரக் கம்பம், சீனருக்கு மலைச்சரிவில் பூன் சான். பூன் சான் என்றால் கண்டனீஸ் மொழியில் பாதி மலை என்று பொருள். பள்ளிக்கூடம், மன்றம், நீச்சல் குளம்வரை இனப்பிரிவினை நீண்டது.

முதல் தலைமுறை கொடுத்த விலை மிகப் பெரிது. 1900க்கும் 1904க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் 500க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மாண்டனர். கை கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. தீட்டிய வெள்ளை அரிசியையே முக்கிய உணவாகக் கொண்டதால் வந்தது. தவிட்டோடு சேர்ந்து போன சத்துதான் அந்த உயிர்களைக் காத்திருக்கும் என்பதை நிறுவிய ஆய்வுகள் சில ஆண்டுகள் கழித்து மலாயாவிலேயே நடந்தன. ஆனால் தீவில் மாண்டவர்களின் இடத்தை அடுத்த கப்பலில் வந்தவர்கள் நிரப்பியிருந்தார்கள். சீனர் தொகை குறையவேயில்லை என்று பதிவேட்டைப் பார்ப்பவர் எண்ணக்கூடும். அதே மனிதர்களா என்று பதிவேடு சொல்லாது.

இரண்டாம் உலகப்போரில் இந்தியர்களின் பெயரும் இத்தீவின் வரலாற்றில் ஏறியது. 1942 மார்ச் மாதம் தீவின் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த பஞ்சாபிச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்து, தங்கள் கேப்டன் உட்பட ஐந்து பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றனர். அம்மாத இறுதியில் ஜப்பானியர் எதிர்ப்பின்றி இறங்கினர். 1943இல் தீவு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை சுராபாயா முகாம்களுக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் கிளர்ச்சிக்காரர்களில் சிலர் பிடிபட்டு சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டனர். ஐவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அப்போது இந்தியா விடுதலை பெற்றிருந்தது. அதன் அரசு தலையிட்டதும் தண்டனைக் குறைப்புக்கு ஒரு காரணம்.

போருக்குப்பின் சுரங்கத்தை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் விலைக்கு வாங்கின. சுரங்கத்தைத் தொடர்ந்து தீவும் போயிற்று. லிம் இயூ ஹாக் சிங்கப்பூரின் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958 ஜனவரி முதல் நாள் தீவு சிங்கப்பூரிலிருந்து பிரிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இழந்த பாஸ்பேட் வருமானத்துக்கு ஈடாக சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுன் கிடைத்தது. நிலத்துக்கும் வருமானத்துக்கும் கணக்குப் பார்த்தாயிற்று. அதில் வாழ்ந்தவர்களுக்கு?

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. 1958இல் ஆஸ்திரேலியாவில் 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை இன்னும் உயிரோடு இருந்தது. ஆசியர்களைக் குடியேற விடாத ஒரு நாடு, ஆசியர்களே பெரும்பான்மையாக வாழும் ஒரு தீவை வாங்கிக்கொண்டது! அதற்கு வழியும் கண்டார்கள். தீவு ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். ஆனால் ஆஸ்திரேலியாவின் குடிநுழைவுச் சட்டம் அங்கே செல்லாது. கைமாறிய நேரத்தில் அங்கிருந்தவர்கள் விரும்பினால் குடியுரிமை கேட்கலாம் என்றனர். அதன்பின் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒப்பந்தத்தில் போனவர்கள், உழைத்து முடிந்ததும் வந்த இடத்துக்கே திரும்பவேண்டும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று உழைத்து, பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவர்களும் சட்டத்தின் கண்ணில் வந்துபோகும் ஆள்களே. சம்பளமும் ஆஸ்திரேலியத் தொழிலாளி பெற்றதைவிட மிகக் குறைவு. வெள்ளைக் கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்ட பிறகும் தீவில் உடனே விடிந்துவிடவில்லை.

விடிவு தொழிற்சங்கத்தின் வழியாக வந்தது. 1975இல் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பின்னர் அதன் தலைமையை ஏற்ற கோர்டன் பென்னெட் இங்கிலாந்தில் பிறந்தவர். சீனத் தொழிலாளர்கள் அவரைத் 'தாய்கோ செங்' என்று அழைத்தார்கள். தாய்கோ என்றால் அண்ணன். ஒரு வெள்ளைக்காரரை துரை என்று கூப்பிடாமல் அண்ணன் என்று கூப்பிட்டது அந்த ஊருக்குப் புதிய பழக்கம். சங்கம் சம்பள உயர்வுக்காக மட்டும் போராடவில்லை; தங்கும் உரிமைக்காகவும் போராடியது. 1981இல் ஆஸ்திரேலியாவின் குடிநுழைவுச் சட்டம் தீவுக்கும் நீட்டிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தவர்கள் நிரந்தரவாசிகளாகும் வழி பிறந்தது. 1984இல் வாக்குரிமையும் சமூக நலச் சலுகைகளும் வந்தன. ஊரைச் சுற்றியிருந்த வேலியை அரசாங்கம் தானாக மனமிரங்கிப் பிரித்ததாகச் சில நூல்கள் எழுதுகின்றன; தொழிலாளிகளின் பங்கை அப்படி மறைப்பது நேர்மையாகாது.

உரிமை வந்த கையோடு வேலை போயிற்று. 1987இல் அரசாங்கம் சுரங்கத்தை மூடியது. இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு பல குடும்பங்கள் பெர்த் பக்கம் போயின. சில மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பின. எஞ்சியவர்கள் கைகட்டி நிற்கவில்லை. பழைய சுரங்கத் தொழிலாளர்கள் பலர் பங்குதாரர்களாகச் சேர்ந்து புது நிறுவனம் அமைத்து, 1990களின் தொடக்கத்தில் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். சஞ்சிக் கூலிகளின் வழிவந்தவர்கள் சுரங்கத்தில் பங்கு வாங்கியதற்கு இவ்வட்டாரத்தில் வேறு எடுத்துக்காட்டு காண்பது அரிது. 1993இல் திறந்த சூதாட்ட விடுதி 1998இல் மூடப்பட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

2001 ஆகஸ்ட் மாதம், நடுக்கடலில் மீட்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட அகதிகளுடன் 'தம்பா' என்ற நார்வே கப்பல் தீவை நெருங்கியபோது ஆஸ்திரேலியா இறங்க அனுமதிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆப்கானியர். அதே ஆண்டு, அகதி விண்ணப்பங்களைப் பொறுத்தவரை இத்தீவைத் தன் குடிநுழைவு எல்லையிலிருந்து விலக்கிவைத்தது ஆஸ்திரேலியா. 1958இல் செய்ததையே வேறு மனிதர்களுக்காக மறுபடியும் செய்தது என்றுதான் சொல்லவேண்டும். 2008இல் பெரிய தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. காவலர்கள், அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களால் ஊரின் நிறம் மறுபடி மாறியது. வாடகை வீட்டுக்கு உள்ளூர்வாசிகள் அவர்களோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

தமிழர்களும் அந்த முகாம்களைக் கண்டவர்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயிலா என்ற சிற்றூரில் வாழ்ந்துவந்த ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரு சிறுமிகளோடு, 2019 ஆகஸ்டு முதல் 2021 ஜூன்வரை கிறிஸ்துமஸ் தீவில் அடைத்துவைக்கப்பட்டது. பிலோயிலா மக்கள், தங்கள் ஊர்க் குடும்பத்தைத் திருப்பித் தரும்படி விடாமல் குரல் கொடுத்தனர். 2022இல் அக்குடும்பம் அந்த ஊருக்கே திரும்பியது. நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் பெற்றது.

2021 ஆகஸ்ட் கணக்கெடுப்பின்படி கிறிஸ்துமஸ் தீவில் வாழ்ந்தவர்கள் 1,692 பேர். பத்தாண்டுகளுக்கு முன் இருந்த 2,072இலிருந்து குறைந்துவிட்டது. சீன வம்சாவளி என்றவர்கள் 22 விழுக்காடு. மலாய் வம்சாவளி என்றவர்கள் 16 விழுக்காடு. சீனர் 70 விழுக்காடு என்று 2001 வாக்கில் அச்சான மதிப்பீட்டோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. அது வெளியார் போட்ட கணக்கு, இது ஒவ்வொருவரும் தாமே எழுதிக்கொடுத்த விடை. அந்தப் படிவத்தில் ஒருவர் இரண்டு வம்சாவளிகளைக் குறிக்கலாம். ஆஸ்திரேலியர் என்று எழுதியவர்கள் 17 விழுக்காடு.