லைடனின் குளிர் சொன்ன விடை

ஒரு பொருளின் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிப்பது எந்த விசை என்று கேட்டால், பள்ளிப் பாடம் ஒரு வரிசையை ஒப்பிக்கச் சொல்லும்: ஹைட்ரஜன் பிணைப்பு, அடுத்து இருமுனை ஈர்ப்பு, இரண்டும் இல்லாவிட்டால் லண்டன் விசை. பந்தியில் கடைசி இலை அதற்குத்தான். ஆனால் நெதர்லாந்தின் லைடன் நகரம் சேர்த்து வைத்த சான்றுகளைப் பார்த்தால், அதை முதல் இலையில் உட்கார வைக்கத் தோன்றுகிறது. வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதை ஒரே ஒரு மாறிலியாகச் சமன்பாட்டில் வைத்து, 1873இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர் வான் டெர் வால்ஸ். எலக்ட்ரானே அப்போது அறியப்படவில்லை. மூலக்கூறு என ஒன்று உண்டா என்றே சில அறிஞர்கள் ஐயப்பட்ட காலம். ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை, எவ்வளவு என்று சொல்ல முடிந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான் காமர்லிங் ஓனஸ் அதே ஊரில் குளிர் ஆய்வகம் நடத்தினார். கண்ணாடி ஊதவும் கருவி செய்யவும் இளைஞர்களைப் பழக்க 1901இல் ஒரு பள்ளியே தொடங்கினார். 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் அங்கே திரவமானது. அதன் கொதிநிலை 4.2 கெல்வின்.

இந்த எண்ணில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. ஹீலியத்துக்கு இருமுனை இல்லை, அயனி இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. ஈர்ப்பே இல்லையென்றால் எவ்வளவு குளிரிலும் அது திரவமாகியிருக்காது. லைடனில் உழைத்த கீசோமும், பின்னர் டிபையும் எல்லா ஈர்ப்பையும் நிலையான மின்முனைகளைக் கொண்டே விளக்க முயன்றார்கள். மந்த வாயுக்களிடம் அந்த விளக்கம் தடுக்கி விழுந்தது. எலக்ட்ரான் முகிலின் கணநேர அசைவே அண்டை அணுவையும் அசைத்து ஈர்க்கிறது என்று ஃபிரிட்ஸ் லண்டன் 1930இல் குவாண்டம் கணக்கால் காட்டினார். எலக்ட்ரான் உள்ள எதற்கும் இந்த லண்டன் விசை பொருந்தும்.

மந்த வாயுவுக்குச் சரி, இருமுனை உள்ள பொருளில் இருமுனைதானே ஓங்கும் என்று கேட்கலாம். ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றையும் வரிசையாக வையுங்கள். இருமுனையின் வலு படிப்படியாகக் குறைகிறது. கொதிநிலையோ மைனஸ் 85, மைனஸ் 67, மைனஸ் 35 செல்சியஸ் என ஏறுகிறது. எடை கூடுவதால்தான் அப்படி என்பதும் நிற்காது. மூலக்கூறு எடை 88 உள்ள கார்பன் டெட்ராபுளூரைடு மைனஸ் 128இலேயே கொதிக்கிறது. 58 எடையுள்ள பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வேண்டியிருக்கிறது. புளூரின் தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருப்பதால் அந்த முகில் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை.

தண்ணீர் ஓர் உண்மையான விலக்கு. அதன் குடும்பத்தில் டெலூரியம், செலினியம், கந்தகம் ஆகியவற்றின் ஹைட்ரைடுகள் என இறங்கினால் கொதிநிலை மைனஸ் 2, மைனஸ் 41, மைனஸ் 60 என்று லண்டன் சொன்னபடியே இறங்கி வந்து, ஆக்சிஜனில் 100க்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதுவரை வந்த இறக்கம் முழுவதும் கடைசி இலைக்காரனின் கணக்கு.