ஒரே அடியில் சாக மாட்டோம்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் கேம்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். பகடை உருட்டத் தெரிஞ்சா போதும்.

எந்த வீடியோ கேமை வேணும்னாலும் எடுத்துக்குங்க. திரையோட ஒரு மூலையில் ஒரு கோடு இருக்கும். அடி வாங்க வாங்க அது குறையும், மருந்து குடிச்சா ஏறும், காலியானா ஆள் காலி. நிஜ வாழ்க்கையில் வாள்வெட்டு விழுந்தா யாருக்கும் நூத்துல பத்து மட்டும் குறையறதில்லை. அப்புறம் எப்படி இந்தக் கோடு எல்லா ஆட்டத்திலும் வந்து உக்காந்தது? இதைத் தேடிப் போனப்போ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் போய் முடியும்னு நினைச்சேன். முடிஞ்சது 1971ல், அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்து வீடு ஒன்றின் அடித்தளத்தில். அங்கே பொழுதுபோக்குக்காக ஆட்டம் நடத்திக்கிட்டிருந்தார் டேவ் ஆர்னசன். வரலாறு படித்தவர், வயசு 23. அவரைவிட முக்கியம், "இந்த மாதிரியெல்லாம் சாக முடியாதுப்பா" என்று முரண்டு பிடித்த அவருடைய நண்பர்கள்.

கொசுவத்தியை இன்னும் ரெண்டு வருஷம் பின்னாடி சுத்த விடணும்.

அந்தக் காலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கத்துப் பசங்க போர் விளையாட்டுப் பைத்தியங்கள். மேஜை முழுக்கக் குட்டிக் குட்டி ஈயச் சிப்பாய்கள். நெப்போலியன் ஒரு பக்கம், ரஷ்யாவோ பிரஷ்யாவோ எதிர்ப்பக்கம். அளவுகோலை வைத்து அளந்து நகர்த்தி, பகடை போட்டு, எத்தனை பேர் செத்தாங்கன்னு கணக்குப் பார்க்கணும். விதிப்புத்தகத்தை வைத்து மணிக்கணக்கில் சண்டையும் போடணும். இந்தக் கூட்டத்தில் டேவிட் வெஸ்லி என்று ஒருவர். சார்லஸ் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880ல் எழுதிய 'ஸ்ட்ராடெகோஸ்' என்ற போர்ப் பயிற்சி நூல் அவர் கையில் சிக்கியது. அதில் ரெண்டு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு ஒரு நடுவர் வேண்டும். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம், நடக்குமா நடக்காதா என்று நடுவர் சொல்வார்.

1969ல் வெஸ்லி ஒரு சோதனை செய்து பார்த்தார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர். ரெண்டு படைகள் அதை நெருங்கிக்கிட்டிருக்கு. படைத்தலைவர்களாக ரெண்டு பேர், மற்றவர்களுக்கு ஊரில் இருக்கிறவர்களின் வேஷம்: மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் இப்படி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ரகசிய நோக்கம். முறையா ஒவ்வொருத்தரா வந்து என்ன செய்யப் போறாங்கன்னு தன்னிடம் சொல்வாங்க என்பது வெஸ்லியின் திட்டம். நடந்தது வேறே. எல்லாரும் மூலைக்கு மூலை போய்க் குசுகுசுன்னு பேரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் "வாடா ஒண்டிக்கு ஒண்டி" என்று துவந்த யுத்தத்துக்கே கிளம்பிட்டாங்க. அதற்கு விதியே கிடையாது, வெஸ்லி அந்த இடத்திலேயே யோசித்து ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சு. படைகள் ஊரை எட்டிப் பார்க்கவே இல்லை. மனுஷன் நொந்துபோய், சோதனை படுதோல்வி என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போயிட்டார்.

ஆடினவங்களோ, அடுத்தது எப்பன்னு கேட்டு அவரை நச்சரிக்க ஆரம்பிச்சாங்க.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இருக்கலாம். நாம ராத்திரி பகலாச் செதுக்கின பகுதியை ஒருத்தரும் சீந்தமாட்டாங்க, பாதி வேலையில் விட்டு வைத்த ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு "இதை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்பாங்க. வெஸ்லி கட்டினது ஒரு போர். அவங்களுக்குப் பிடிச்சது போருக்கு முன்னால் நடந்த குசுகுசு.

1970ல் வெஸ்லி ராணுவப் பணிக்குப் போக, மற்றவர்கள் ஆளாளுக்கு ஒரு பிரவுன்ஸ்டைன் நடத்தினார்கள். அதில் ஒருத்தர்தான் ஆர்னசன். ஒரு வார இறுதி முழுக்கப் பேய்ப்படம், பூதப்படமாகப் பார்த்து, சோளப்பொரி கொறித்து, கோனன் கதைகளைப் படித்துத் தள்ளியதில் யோசனை வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கார். 1971 ஏப்ரலில், வழக்கமான நெப்போலியன் சண்டை என்று நம்பி வந்த நண்பர்கள் மேஜைமேல் பார்த்தது ஒரு இடைக்காலக் கோட்டை பொம்மை. கோட்டைக்குக் கீழே என்ன இருக்கு என்பது ஆர்னசனின் கட்டத்தாளில் மட்டும். ஊர் பேர் பிளாக்மூர்.

ஆட்டம் எப்படின்னா, பாட்டி கதை சொல்றப்போ பேரன் குறுக்கே பூந்து "நான் கதவைத் திறக்க மாட்டேன், ஜன்னல் வழியா எட்டிப் பாப்பேன்" என்பானே, அதேதான். பாட்டியும் "சரி, எட்டிப் பாத்தா உள்ளே..." என்று கதையை மாத்தணும். சந்தேகம் வந்தா பகடை. ஆட்டத்துப் பெயர்களும் பெரும்பாலும் ஆடியவர்களின் சொந்தப் பெயரை ஒட்டித்தான். கிரெக் ஸ்வென்சன், 'கிரேட் ஸ்வென்னி'. மைக் கார், 'பிஷப் கார்'. டேவிட் ஃபான்ட், 'சர் ஃபாங்'.

இப்போ சாவுக்கு வருவோம். சண்டை வந்தா கணக்குப் போட விதி வேணுமே? விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' அந்த 1971லதான் வந்திருந்தது. இடைக்காலச் சண்டைக்கான விதிகள், பின்னிணைப்பாக மந்திரவாதி, டிராகன் எல்லாம் உண்டு. ஆர்னசன் கொஞ்ச நாள் அதை வைத்து ஓட்டிப் பார்த்தார். சிக்கல் என்னன்னா, அது படைகளுக்காக எழுதினது. அதில் ஒரு சிப்பாய் இருப்பான் இல்லேன்னா செத்திருப்பான், நடுவில் ஒண்ணும் கிடையாது. நூறு பொம்மையில் ஒண்ணு விழுந்தா யார் அழப்போறா? இங்கேயோ ஒருத்தருக்கு ஒரே ஆள். அவனுக்குப் பேர் வச்சாச்சு, தங்கம் சேர்த்தாச்சு, வாரக்கணக்கில் அவனாவே பேசியாச்சு. திடீர்னு ஒரு பூதம் வந்து, ஒரு பகடை உருண்டு, அவ்வளவுதான் என்றால்?

ஒத்துக்க முடியாதுன்னுட்டாங்க. ஆர்னசன் இதைப் பின்னாளில் ஒரு பேட்டியில் சிரிச்சுக்கிட்டே சொன்னாப்பல இருக்கும்: பூதத்தைத் தாங்கள் ஒரே அடியில் கொல்வதில் அவங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லையாம், பூதம் தங்களை ஒரே அடியில் கொல்லக் கூடாதாம்! (நம்ம ஊர் ஹீரோக்களும் இதைத்தானே கேக்குறாங்க.)

ஆர்னசன் தீர்வைத் தேடிப் போன இடம் கடல். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்கு அவர் ஏற்கெனவே ஒரு ஆட்டவிதி எழுதி வைத்திருந்தார். 1862 மார்ச்சில் 'மானிட்டர்', 'வர்ஜீனியா' என்ற ரெண்டு கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் ஒண்ணையொண்ணு சுட்டும் ரெண்டுமே மூழ்கலை. அப்படிப்பட்ட கப்பலுக்கு 'இருக்கு, இல்லை' கணக்கு ஒத்துவராது. குண்டு கவசத்தைத் துளைக்குமா என்று ஒரு கணக்கு, துளைத்தால் எவ்வளவு சேதம் என்று இன்னொரு கணக்கு, சேதம் ஒரு அளவைத் தாண்டினால்தான் கப்பல் முழுகும். இந்த ரெண்டு கணக்கையும் தூக்கிக்கொண்டு வந்து மனுஷன் உடம்பில் மாட்டிவிட்டார். முதலாவது 'ஆர்மர் கிளாஸ்', ரெண்டாவது 'ஹிட் பாயின்ட்'. ஆக, உங்க ஃபோனில் சுட்டுக்கிட்டு ஓடுற ஹீரோவோட மேல்மூலைக் கோடு, பூர்வீகத்தில் ஒரு நீராவிக் கப்பலுடையது.

இதுக்குக் கணக்கெழுதணும், ஒவ்வொரு அடிக்கும் கழிக்கணும். படையா இருந்தா யாரும் செய்ய மாட்டாங்க. ஒரே ஆள், அதுவும் தன் ஆள் என்பதால் அலுத்துக்காம எழுதினாங்க.

உயிர் நீடிச்சதும் அடுத்த கோரிக்கை வந்தது. இத்தனை நாள் பிழைச்சிருக்கேனே, நேத்து வந்தவனும் நானும் ஒண்ணா? அனுபவத்துக்கு ஏற்பப் பலம் கூடுகிற ஏற்பாடு, இன்றைக்கு 'லெவல்' என்கிறோமே, அதுவும் பிளாக்மூரில் ஆடி ஆடித்தான் வளர்ந்தது.

அதற்காக ஆர்னசன் கேட்டதையெல்லாம் கொடுத்தார் என்று நினைச்சுடாதீங்க. எல்லாருக்கும் கோட்டைக்குக் கீழே இருந்த பாதாள வழிகள்மேல் தீராத மோகம். வெளியே ஒரு நாடே இருக்கு, எதிரிகள் படை திரட்டுறாங்க, காவல் காக்கணும் என்ற நினைப்பே இல்லாமல் புதையல் தேடிக்கிட்டே இருந்தாங்க. ஆர்னசன் சும்மா இருப்பாரா? எதிரிகள் வந்தார்கள். நம்மாளுங்க கோட்டையைக் கோட்டை விட்டாங்க! தண்டனையாக எல்லாரையும் லோக் கிளூமன் என்ற ஏரிப்பக்கம் நாடு கடத்திவிட்டார். ஆட்டம் அங்கேருந்து தொடர்ந்தது.

சர் ஃபாங் கதை இன்னும் ஜோர். டேவிட் ஃபான்டின் ஆள் ஒரு கட்டத்தில் இரத்தக்காட்டேரி ஆகிட்டான். ஆனாலும் ஆடுறது அவரேதான். காட்டேரிக்குப் பலம் ஏற ஏற மற்றவங்களால் தாக்குப்பிடிக்க முடியலை. ஒரே புலம்பல். அவனைப் பலவீனப்படுத்துங்கன்னு கேட்டிருந்தா ஃபான்டுக்கு நியாயமா இருந்திருக்காது. அதனால் எதிர்ப்பக்கம் ஒரு ஆளை உருவாக்கினாங்க. டிராகுலா படங்களில் சிலுவையைத் தூக்கிக்கிட்டு வருவாரே வான் ஹெல்சிங், அந்த மாதிரி ஒரு பேயோட்டி. அவர்தான் மைக் காரின் பிஷப். இன்னைக்கு எந்த மாயாஜால ஆட்டத்திலும் காயம் ஆத்துற, பேயை விரட்டுற 'கிளெரிக்' ஒருத்தர் கூட்டத்தில் இருப்பார் இல்லையா, அவருடைய கொள்ளுத்தாத்தா இந்த பிஷப்.

1972 கடைசியில் ஆர்னசனும் நண்பர் டேவ் மெகாரியும் லேக் ஜெனிவாவுக்குப் போய்க் கைகாக்ஸ் வீட்டில் பிளாக்மூரை ஆடிக்காட்டினார்கள். கைகாக்ஸுக்கு அப்போ இன்ஷூரன்ஸ் வேலை போய், வீட்டின் கீழ்த்தளத்தில் செருப்புத் தைத்துக் குடும்பம் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஆட்டம் முடிந்ததும் விதிகளை அனுப்பச் சொன்னார். வந்தது இருபது பக்கத்துக்குள் கிறுக்கல் குறிப்புகள். மிச்சமெல்லாம் ஆர்னசன் தலைக்குள்ளே! கைகாக்ஸ் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். முதலில் 50 பக்கம், ஆடிப் பார்த்துத் திருத்தி 150 பக்கம். அவருடைய கிரேஹாக் நிலவறைக்கு முதலில் இறங்கினது சொந்தப் பிள்ளைகள் எர்னியும் எலீஸும். எர்னியின் மந்திரவாதி பேர் டென்சர், எர்னஸ்ட் என்ற ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. அந்தப் பேரில் ஒரு மந்திரம் இன்னைக்கும் விதிப்புத்தகத்தில் இருக்கு.

1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டியில் மூணு குட்டிப் புத்தகம், 10 டாலர், 1000 பிரதிகள். அட்டையில் கைகாக்ஸ், ஆர்னசன் ரெண்டு பேரும்.

புத்தகம் ஆனதும் நிக்கலை. அதே 1974ல் கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா நகரத்து ஏரோ ஹாபீஸ் கடைக்காரர் கேரி ஸ்விட்சர் கைகாக்ஸுக்குப் போன் போட்டார். அவங்க கூட்டம் பூட்டுத் திறக்க, பொறி கண்டுபிடிக்கன்னே ஒரு திருடனை உருவாக்கிக்கிட்டிருந்தது. யோசனை எங்கேருந்து வந்ததுன்னு கைகாக்ஸ் ஒரு சிற்றிதழில் சொன்னார், 1975ல் திருடன் அதிகாரபூர்வமா உள்ளே வந்துட்டான்.

அப்புறம் வழக்கமான கதை. 1977லிருந்து 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் புதிய வரிசை வந்தது, ஆசிரியர் பெயர் கைகாக்ஸ் மட்டும். இது வேற ஆட்டம், ஆர்னசனுக்கு ராயல்டி இல்லை என்றது கம்பெனி. 1979ல் ஆர்னசன் கோர்ட்டுக்குப் போனார், 1981ல் வெளியிலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ரெண்டு பேரும் இப்போ இல்லை. கைகாக்ஸ் 2008 மார்ச்சில் போனார், ஆர்னசன் 2009 ஏப்ரலில். ரசிகர்கள் மட்டும் இன்னும் கட்சி பிரிந்து அடிச்சுக்கிறாங்க.

என் கட்சியைக் கேட்டீங்கன்னா, கைகாக்ஸ் எழுதலேன்னா இது அந்த அடித்தளத்தைத் தாண்டியிருக்காது. அதில் சந்தேகமே இல்லை. விதியை எழுத உக்காந்தா ஆர்னசனால் முடியாது, அதுவும் தெரிஞ்ச சமாசாரம். ஆனா கோர்ட்டில் அவங்க பங்கு போட்டுக்கிட்டது எதை? உயிர்க்கணக்கு வந்தது சாக மறுத்தவர்களால். பேயோட்டி வந்தது காட்டேரியிடம் தோத்தவர்களால். அட்டையில் போட ரெண்டு பேர்தான் கொள்ளும், சரி. ஆனால் ராயல்டி சண்டையில் ரெண்டு தரப்புமே ஸ்வென்னியையோ பிஷப்பையோ பங்காளியாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. 1977ல் ஜட்ஜஸ் கில்ட் வெளியிட்ட ஆர்னசனின் 'ஃபர்ஸ்ட் ஃபேன்டசி கேம்பெய்ன்' புத்தகம் படிக்கக் குப்பைமேடு மாதிரி இருக்கும், தலையும் புரியாது வாலும் புரியாது. இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். யார் எப்போ எந்தக் கோட்டையை இழந்தான், யாரை எங்கே நாடு கடத்தினோம் என்று அவருடைய ஆட்டக்காரர்கள் அதில்தான் நடமாடுறாங்க. 2019ல் வந்த 'சீக்ரெட்ஸ் ஆஃப் பிளாக்மூர்' என்ற ஆவணப்படம் பழைய ஆட்களையே உக்கார வைத்துப் பேச விட்டது. வாய்ப்பு கிடைத்தால் பாருங்க, தாத்தாக்கள் பழைய பகடைக்காக இன்னமும் சண்டை போடுறது பார்க்கவே சுகம்.

வெஸ்லியைச் சொல்லாம விட்டுட்டேனே. படுதோல்வின்னு அவர் கைகழுவின அந்தப் பிரவுன்ஸ்டைனை, பல பத்தாண்டுகள் கழிச்சும் விளையாட்டு மாநாடுகளில் நடத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவரும் போய் நடத்தினார். மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர், அதே ஊர், அதே குசுகுசு.