அரைக் கூடாரம்

நெடுவழி செல்வோனிடம் பகல் பாதையைக் கேட்கும். இரவோ கூரையைக் கேட்கும். பாதை எல்லார்க்கும் பொது. கூரை பொதுவா? வரலாற்றைக் கேட்போம்.

1897 சூன் 14. அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்து மிசூலாக் கோட்டையிலிருந்து, 25ஆவது காலாட்படையின் கறுப்பின வீரர் 20 பேர் மிதிவண்டியில் புறப்பட்டனர். தலைமை தாங்கியவர் வெள்ளையரான லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். சேருமிடம், 1,900 மைலுக்கு அப்பாலிருந்த செயின்ட் லூயிஸ் நகரம். படைக்கு மிதிவண்டி பயன்படுமா என்பதே சோதனை.

இரவில் எங்கே தங்குவது? விடுதிக் கதவைத் தட்டும் பயணமன்று அது. ஒவ்வொரு வீரனும் பாதிக் கூடாரத் துணியையும் ஒரு போர்வையையும் சுருட்டி வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்தான். இருவர் துணி இணைந்தால் ஒரு கூடாரம்! நீர் கண்ட இடமே பாசறை. மழை சேறாக்கிய மண்ணிலும் படுத்தனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளிலோ நல்ல நீரே அரிதாயிற்று. உவர்நீர் குடித்து நோயுற்றனர். மணலில் உருள மறுத்த வண்டியைத் தண்டவாளத்தின் வழியே தள்ளிச் சென்றனர். 41ஆம் நாள், சூலை 24 அன்று, நகரை அடைந்தனர்.

பாதியும் பாதியும் சேர்ந்தால்தான் கூரை என்று அந்தத் துணி கற்பித்தது. நாடு கற்றதா? இரயிலில் வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கறுப்பர்க்கு வேறு பெட்டி என்ற சட்டம் செல்லும் என, முந்திய ஆண்டுதான், 1896இல், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது!

அம்மிதிவண்டி அணியின் சார்ஜண்ட் மிங்கோ சாண்டர்ஸ். ஒன்பதாண்டு கழித்து, 1906இல், டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பழி அவருடைய படைமீது விழுந்தது. சுட்டவர் யாரென மெய்ப்பிக்கப்படவில்லை. நீதிமன்ற விசாரணையும் இல்லை. ஆயினும் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கறுப்பின வீரர் 167 பேரை மதிப்பிழக்கச் செய்து வெளியேற்றினார். சாண்டர்சும் அவருள் ஒருவர். 25 ஆண்டுக்கு மேல் உழைத்தவர். எட்டும் தொலைவிலிருந்த ஓய்வூதியத்தையும் இழந்தார்.

1972இல், அவர்கள் குற்றமற்றோர் என அரசு ஒப்புக்கொண்டது. அதைக் கேட்கச் சாண்டர்ஸ் உயிரோடில்லை.

நாட்டின் கட்டளைக்காக வெட்டவெளியில் படுத்தவர் அவர். முதுமையில் அவர் ஒண்ட ஒரு நிழலைத் தர நாடு மறுத்தது. தம் பங்குப் பாதிக் கூடாரத்தை அவர் தவறாமல் சுமந்து வந்தார். மறுபாதியை நாடு கொண்டுவரவில்லை!