உருளை சுழலாத வேளை: கோப்பிக் காலத்துத் துப்பாக்கியும் தோட்ட அதிகாரமும்

மலையகத்தின் கோப்பிக் காலத்தை நினைக்குந்தோறும் குதிரைமீதமர்ந்த துரையும் அவரது துப்பாக்கியும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேற்றமொன்றை நிறுவிய சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களைத் தனி நூலாகவே எழுதினார். ஆயின் துப்பாக்கியொன்றே தோட்ட அதிகாரத்தின் அடிப்படை எனக் கொள்ளலாமா? அக்காலச் சுழல்துப்பாக்கியின் பொறிமுறையை நோக்கின் இவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

1836 இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ற் காப்புரிமை பெற்ற இக்கருவி, 1851 ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சிக்குப் பின்னர் பிரித்தானியரிடையே பெரிதும் அறிமுகமாயிற்று. சுத்தியலைப் பின்னிழுக்கையில் நெம்புவிரலொன்று உருளையின் பின்புறப் பற்களைத் தள்ளி, அதனை ஓரறை தூரம் திருப்பும். உடனே கீழிருந்து எழும் பூட்டுமுளை உருளையின் பள்ளத்திற் பொருந்தி அதனை நிறுத்தும். இவ்வொழுங்கு பிசகின் உருளை சுழலாது.

பிசகுக்குக் காரணங்கள் பல. முதலாவது கருமருந்தே. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவையான இம்மருந்து எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்டது திண்மக் கழிவாகின்றது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, எஞ்சியது அச்சிலும் உருளையின் முகப்பிலும் படிந்து இறுகும். அச்சிற் பள்ளங்கள் வெட்டி மசகிட்டமை இதனைத் தணிக்கவேயாம். அடுத்து, வெடித்துச் சிதறிய செப்புக் கேப்பின் துண்டு சுத்தியலின் இடுக்கில் வீழ்ந்து தடுக்கும். குழலை இறுக்கும் ஆப்பை அளவுக்கு மிஞ்சி அடித்தாலும் உருளை நெருக்குண்ணும். நெம்புவிரல் தேய்ந்தாலோ அதன் வில் தளர்ந்தாலோ உருளை அரைகுறையாகவே திரும்பும். இன்று இத்தாலியிற் செய்யப்படும் மாதிரிப் பிரதிகளிலும் இக்குறைகளே காணப்படுகின்றன. வெறுமையாக்கித் துலக்கிய கருவி தடையின்றிச் சுழலுமாயின் குற்றம் கழிவினது. அப்போதும் தடுக்குமாயின் ஆப்பையும் நெம்புவிரலையும் ஆராய்தல் முறை.

இக்கழிவு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளையும் அதனையடுத்த றொசல்லவும் போன்ற இடங்களில், துலக்காது விட்ட துப்பாக்கி விரைவில் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதில் ஐயமில்லை. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உலோகத் தோட்டாவும் பழைய கேப்பு முறையை ஒழித்தது. 1884 இல் றொசல்ல வழியாகப் புகையிரதம் அட்டனை அடைந்தபோது கேப்புத் துப்பாக்கி பழம்பொருளாகிக்கொண்டிருந்தது.

தோட்ட அதிகாரமோ பழம்பொருளாகவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடனைக் காட்டும் 'துண்டு' இன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலவில்லை. அம்முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார் என்பதையும் நாம் மறத்தற்கில்லை. எனினும் சூடுகள் சிலவே; துண்டும் கடனும் நாள்தோறும் இயங்கின. துப்பாக்கியின் உருளை மழையில் இறுகலாம், துண்டுக்கோ துருவேறவில்லை. மலையக வரலாற்றை ஆராயும் மாணவர் படைக்கலத்தோடு செக்றோலையும் கடன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.