சுமங்கலித் திட்டம்

தமிழ்நாட்டின் நூற்பாலைகள் மணமாகாத இளம்பெண்களை ஏறக்குறைய மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து விடுதியில் தங்கவைத்தன. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஒப்பந்தம் முடியும்போது கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகக் கொடுப்பதாக வாக்களித்தன. இந்த ஏற்பாடே சுமங்கலித் திட்டம். மாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்றும் இதற்குப் பெயர் உண்டு. பெயர் எப்படி ஒலித்தாலும் இது அரசுத் திட்டம் அன்று. உலகச் சந்தைக்குப் போகும் ஆடையின் வழங்கல் தொடரில் கட்டாய உழைப்பு எங்கே ஒளிந்துகொள்கிறது, அதைத் தடுக்கும் முயற்சிகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் அரிது.

தோற்றமும் நடைமுறையும்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் நூற்பாலைகள் நெருங்கியிருக்கின்றன. 2005 தொடக்கத்தில் பன்னாட்டு ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும் ஏற்றுமதி பெருகியது; மில்கள் மூன்று ஷிப்டும் ஓட வேண்டியிருந்தது. சங்கத்தில் இருந்த நிரந்தர ஆண் தொழிலாளர்களின் இடத்தை, 'பயிற்சியாளர்' என்று பதியப்பட்ட பெண்கள் நிரப்பினார்கள். பயிற்சியாளர் என்றால் கூலி குறைவு, சட்டப் பாதுகாப்பும் குறைவு. ஆனால் நூற்பு எந்திரமான ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டப் பழகுவதற்கு மூன்றாண்டு தேவையில்லை என்பது மில்லுக்குள் போய்வந்த எவருக்கும் தெரியும்.

மழை பொய்த்த ஊர்களுக்குத் தரகர்கள் போனார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைத்தது. பெற்றோரிடம் சொன்னது கவர்ச்சியானது: பாதுகாப்பான விடுதி, சாப்பாடு, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை ரொக்கம். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். இருந்தும் அதற்கான சேமிப்பாகவே இந்தப் பணம் பேசப்பட்டது. வந்தவர்களில் பலர் தலித் குடும்பத்துப் பெண்கள். பதினெட்டு நிரம்பாதவர்களும் இருந்தார்கள். விடுதியிலிருந்து வெளியே போக அனுமதி வேண்டும், கடைக்குப் போனாலும் காவலுக்கு ஆள் வரும், கைபேசிக்குத் தடை. பஞ்சுத் தூசியால் மூச்சுக்கோளாறு வந்து இரண்டரை ஆண்டில் வீடு திரும்பியவளுக்குக் கடைசித் தொகை கைக்கு வராமல் போகலாம்.

தலைகீழான கடன்

கொத்தடிமை முறையில் வழக்கமாக முதலாளி முன்பணம் கொடுப்பார், தொழிலாளி கடனாளி ஆவார். இங்கே நிலைமை நேர்மாறு. மாதந்தோறும் கூலியை விட்டுவைத்து முதலாளிக்குக் கடன் கொடுப்பவள் தொழிலாளி. கொடுத்த கடன் திரும்ப வர வேண்டுமே என்பதற்காகவே அவளால் வேலையை விட முடிவதில்லை. முன்பணத்தை மட்டுமே அடையாளமாகத் தேடும் கண்ணுக்கு இந்தப் பிணைப்பு படாது.

ஆனாலும் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. கூலிக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று, தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்துள்ள பதினொரு அடையாளங்களில் கூலியைப் பிடித்துவைத்தல், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தல், ஏமாற்றுதல், தனிமைப்படுத்தல், அளவுமீறிய மிகைநேர வேலை ஆகியவை இத்திட்டத்தில் வெளிப்படையாகவே தெரிந்தன.

தடுப்பு முயற்சிகள்

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் அந்நாட்டின் இந்தியக் குழு என்ற அமைப்பும் 2011இல் வெளியிட்ட அறிக்கை ஐரோப்பியக் கடைகளின் பெயரையும் திருப்பூரையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் பதறின; 'சுமங்கலி' என்ற பெயர் விளம்பரங்களிலிருந்து மறையத் தொடங்கியது. பெயர் போனதும் வழக்கம் போய்விடவில்லை. அதே அமைப்புகள் 2014இல் ஐந்து மில்களை ஆராய்ந்தபோதும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தென்பட்டன. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது.

நிறுவனங்கள் நம்பியது தணிக்கையை. அதன் குறை எளிதாகச் சொல்லக்கூடியது. லண்டன் கடைக்காரர் ஒப்பந்தம் போடுவது திருப்பூர் ஆடைத் தொழிற்சாலையோடு. தணிக்கையாளர் போவதும் அங்கேதான். ஆடை துணியிலிருந்து வருகிறது, துணி நூலிலிருந்து வருகிறது. நூலோ பல மில்களிலிருந்து சந்தைக்கு வந்து கலந்துவிடுகிறது. எந்த நூல் கோனில் எந்த விடுதிப் பெண்ணின் கைபட்டது என்று கேட்பதற்கு வாங்குபவரிடம் ஒரு காகிதமும் இல்லை. நேரடியாகப் பார்த்த இடத்திலும் தணிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கராச்சி காட்டியது: 2012 செப்டம்பரில் 250க்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்த ஆடைத் தொழிற்சாலை, சில வாரங்களுக்கு முன்புதான் தரச்சான்று பெற்றிருந்தது.

பிரிட்டனின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதலாம். ஒன்றும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடும். பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2021இலும் இயற்றிய சட்டங்கள் இதைத் தாண்டி, ஆபத்தைத் தேடிக் களையும் கடமையை நிறுவனத்தின் மேல் சுமத்தின.

மாறுபட்ட வழி ஒன்று திண்டுக்கல்லில் பிறந்தது. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலைபார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அதையடுத்து, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் அதனிடம் ஆடை வாங்கிய ஹெச் அண்டு எம் நிறுவனத்துடனும் 2022 ஏப்ரலில் உடன்பாடு கண்டது. கேப், பிவிஹெச் நிறுவனங்களும் பின்னர் இணைந்தன. பாலியல் தொல்லையை ஒழிப்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் அதன் அமைப்பு கட்டாய உழைப்புக்கும் பொருந்தும். ஆண்டுக்கொருமுறை வரும் தணிக்கையாளருக்குப் பதில், தினமும் அதே தளத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள். தொழிற்சாலை உடன்பாட்டை மீறினால் வாங்கும் நிறுவனம் ஆர்டரில் கைவைக்கக் கட்டுப்பட்டது. ஒரு நூற்பாலையும் இதன் வரம்புக்குள் வந்தது. சொல்லப்போனால் அதுவே இதில் மிகவும் கவனிக்க வேண்டிய அம்சம்.

ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆடைகளை அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் துறைமுகத்தில் நிறுத்தியது. 1930ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் கட்டாய உழைப்பில் உருவான பொருளைத் தடுக்க அதிகாரம் தருகிறது. உடன்பாடு செயல்படுவதற்கான சான்றுகளைப் பார்த்தபின் செப்டம்பரில் சுங்கத்துறை தடையை நீக்கியது.

மில் விடுதிகளில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். வேலை பிடித்துத் தருவதற்கான கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற பன்னாட்டு நெறி அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. தரகருக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வருபவரிடம் பழைய முன்பணப் பிணைப்பு மறுபடி தலைதூக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய தடை விதிமுறை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. தொடரின் எந்தக் கட்டத்தில் கட்டாய உழைப்பு கலந்திருந்தாலும் அந்தப் பொருளை விற்க முடியாது என்பதால், நூல் நூற்ற இடமும் அதன் கேள்விக்கு உட்பட்டதே.