பிறக்கிராசியாரும் பத்திராதிபரும்: சட்டமும் இதழியலும் இணைந்த வரலாறு

சட்டக் கல்வியையும் இதழியற் கல்வியையும் ஒருங்கே பயின்று இரு பட்டங்களைப் பெறும் கற்கைநெறி அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் நடைபெற்று வருகின்றது. இதனைப் புதியதொரு முயற்சியெனக் கருதுவோர் பலர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை நோக்குமிடத்து, இலங்கையிலும் தமிழகத்திலும் இவ்விரு துறைகளும் இரட்டைப் பட்டம் எதுவுமின்றியே ஒருவரிடத்திற் கூடியிருந்தமை புலனாகும். அவை அவ்வாறு கூடியதேன், அதனால் மக்கள் பெற்ற பயன் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலம் கற்ற சுதேசிகளுட் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். அரசாங்கத்திடம் வேதனம் பெற்றவர் அரசாங்கத்தைக் கண்டித்து எழுத இயலாது. அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் கட்சிக்காரரிடம் பெற்ற ஊதியத்தால் வாழ்ந்தனர். ஆதலின் அவர்களுக்கு ஓரளவு சுதந்திரம் இருந்தது. கட்டளைச் சட்டங்களைப் படித்துணரவும் சான்றுகளைச் சீர்தூக்கவும் நீதிமன்றம் அவர்களைப் பயிற்றியது. ஊரார் முறைப்பாடுகள் யாவும் முதலில் அவர்களுடைய செவிக்கே எட்டின. பத்திரிகை நடாத்துவதற்கு வேண்டிய சுதந்திரம், பயிற்சி, செய்தி ஆகிய மூன்றும் அத்தொழிலிடத்தே அமைந்திருந்தன எனலாம்.

இலங்கையில் இதற்கு முன்னோடியாக விளங்கியவர் சாள்ஸ் அம்புறோஸ் லொறென்ஸ் என்னும் பறங்கியர். புகழ்பெற்ற வழக்கறிஞராகிய இவர், நண்பர் சிலருடன் சேர்ந்து 1859 இல் ‘சிலோன் எக்ஸாமினர்’ பத்திரிகையை வாங்கி, அதனை இந்நாட்டவரின் குரலாக்கினார். தமிழகத்தில் 1878 இல் நிகழ்ந்தது இதனினும் கருதத்தக்கது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகத் தி. முத்துசுவாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்கு மறுமொழி கூறச் சட்ட மாணவர் நால்வரும் ஆசிரியர் இருவரும் கூடித் தொடங்கியதே ‘தி ஹிந்து’ வார இதழாகும். முதலிதழில் எண்பது பிரதிகளே அச்சாயின. நீதிபதி நியமனம் பற்றிய சர்ச்சையொன்றிலிருந்து, சட்ட மாணவர் கையினால், பெரும் பத்திரிகையொன்று பிறந்தமை இவ்விரு துறைகளின் உறவைத் தெளிவாகக் காட்டுகின்றது.

எனினும் இவ்விரு பத்திரிகைகளும் ஆங்கிலம் அறிந்தார்க்கே பயன்பட்டன. ‘தி ஹிந்து’வை நிறுவியோருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசெம்பர் 21 ஆந் திகதி இலங்கையில் ‘முஸ்லிம் நேசன்’ தோன்றியது. அதன் பத்திராதிபர் அறிஞர் எம். சி. சித்திலெவ்வை ஆவார்.

1838 இல் கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை, 1862 இல் பிறக்கிராசியாராகித் தொழில் புரிந்தவர். அறபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வல்லவர். நீதிமன்றத்தில் அவர் அன்றாடம் கண்ட சமூகம், ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்தமையால், தன்னை ஆளுகின்ற சட்டம் இன்னதென அறியாதிருந்தது. சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதற்குக் கட்டுப்பட்டோர் தமிழிற் பேசினர். ஒரு வழக்கில் ஒரு கட்சிக்காரருக்கே சட்டத்தை விளக்கிக் கூறலாம். பத்திரிகையிலோ ஒரு சமூகம் முழுவதற்கும் கூறலாம். பிறக்கிராசியார் பத்திராதிபரானதன் பொருளை இங்ஙனம் விளங்கிக்கொள்ளுதல் தகும்.

‘முஸ்லிம் நேசன்’ தோன்றிய சில வாரங்களில், 1883 ஜனவரியில், எகிப்தியத் தலைவர் அறபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்தார். சித்திலெவ்வை அவருடன் நட்புக் கொண்டு, கல்வி மறுமலர்ச்சிக்கு அவருடைய ஆதரவையும் பெற்றார். 1885 இல் அவர் எழுதி வெளியிட்ட ‘அஸன்பேயுடைய கதை’ ஈழத்தின் முதற்றமிழ் நாவலாகப் போற்றப்படுகின்றது. முஸ்லிம்களின் விவாகப் பதிவு பற்றிய கட்டளைச் சட்டம் 1886 இல் நிறைவேறியது. இல்லறத்தையே தொடுகின்ற சட்டங்கள் இயற்றப்பட்ட அத்தகைய காலத்தில், அவற்றைத் தமிழில் எடுத்துரைக்க வல்ல சட்டமறிந்த பத்திராதிபரின் தேவை எத்தகையது என்பது கூறாமலே விளங்கும். 1898 இல் அவர் காலமானார்.

தென்னாபிரிக்காவிலும் இத்தகைய நிலைமையே காணப்பட்டது. பரிஸ்டரான காந்தியடிகளின் முயற்சியால் 1903 இல் அங்கு வெளிவரத் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பினியன்’ பத்திரிகையில் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகியவற்றுடன் தமிழும் இடம்பெற்றது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழருக்கு, அவர்களைப் பிணித்த சட்டங்களை அவர்தம் மொழியில் அறிவித்தல் இன்றியமையாததாயிற்று. ‘கேசரி’ ஆசிரியரும் சட்டம் பயின்றவருமான திலகர், 1908 இல் இராசத்துரோக வழக்கில் தமக்காகத் தாமே வாதாடினார். அவரது சட்ட அறிவு ஆறாண்டு நாடுகடத்தலைத் தடுக்கவில்லை. எனினும் அவ்வாதம் வழக்கு மன்றத்தையே மக்கள் மன்றமாக்கியது.

இவ்விரு துறைகளும் முற்றும் ஒத்தவை எனக் கொள்ளலாகாது. சட்டத்தரணி ஒரு பக்கத்துக்காகவே பேசக் கடமைப்பட்டவர். இதழாளர் எல்லாப் பக்கத்தையும் கேட்கக் கடமைப்பட்டவர். முன்னவர் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்க வேண்டும். பின்னவர் பொதுநலன் கருதி மறைபொருளை வெளிப்படுத்த வேண்டும். விசாரணையிலுள்ள வழக்கைப் பற்றி எழுதத் துணியும் பேனாவை நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தடுத்து நிற்கும். இம்முரண்பாட்டை நன்குணர்ந்து, எவ்விடத்தில் எக்கடமை மேலோங்கும் எனத் தெரிந்துகொள்வதே இரட்டைக் கல்வியின் பெரும்பயன். இரு சான்றிதழ்களைச் சேர்த்து வைத்தல் அதற்கு ஈடாகாது.

இந்நாட்டில் அத்தேவை குறைந்துவிடவில்லை. 1973 இன் பத்திரிகைப் பேரவைச் சட்டம், குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்கிய 2002 இன் திருத்தம், 2016 இன் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்பன இதழாளரின் தொழிலைச் சில வேளை நெருக்கியும் சில வேளை விரித்தும் உள்ளன. இவற்றைக் கற்றறியாதவர் அஞ்சவேண்டாதவற்றுக்கு அஞ்சுவர். கேட்க வேண்டியவற்றைக் கேளாதிருப்பர்.

அம்பாறைக் கரையோரத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வினாயகபுரம், திருக்கோவில் முதலாகக் கல்முனை ஈறாகத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். மொழி ஒன்றாயினும், விவாகம் பற்றிய சட்டம் இரண்டு: முஸ்லிம்களுக்கு 1951 இன் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும், தமிழருக்குப் பொதுச் சட்டம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இம்மாவட்டத்திற் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டபின், வடக்குக் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றராக இருந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. வீடிழந்து முகாமில் இருந்த மீனவக் குடும்பத்துக்கு, அவ்விதியின் சட்டவலு யாது, எவரிடம் முறையிடலாம் என்பன உணவுக்கு அடுத்த தேவைகளாயின.

தமிழ் 1987 இல் அரசியலமைப்பின்படி அரசகரும மொழியாயிற்று. 1988 இன் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதனை நீதிமன்ற மொழியாக்கியது. சித்திலெவ்வை காலத்தில் இல்லாத இவ்வாய்ப்பு இன்று உண்டு. எனினும் சட்டம் தமிழில் இருத்தல் வேறு. அது மக்களுக்கு விளங்குதல் வேறு. அவ்விடைவெளியை நிரப்புதற்கு, சட்டத்தைப் பிழையற அறிந்தவரும் அதனைத் தெளிவுற எழுத வல்லவருமான ஒருவர் தேவை. அவரை உருவாக்குவதாயின் இரட்டைப் பட்டம் வரவேற்கத்தக்கதே. கல்முனைச் சந்தைக்கு வருவோரும் வினாயகபுரத்துக் கரையில் வலை இழுப்போரும் தம்மை ஆளும் சட்டத்தைத் தம் மொழியிற் படித்து விளங்கிக்கொள்ளும் நாளிலேயே அப்பட்டத்தின் பெறுமதி அறியப்படும்.